'இவ்வளவு விழுந்தாச்சு... இனிமே எங்க விழப்போகுது?' பிட்காயினின் பழைய சரிவுகள் சொல்லும் கணக்கு

2025 அக்டோபர் 6 அன்று ஒரு பிட்காயினின் விலை 1,26,000 டாலரைத் தொட்டது. ரூபாயில் பார்த்தால் ஒரு கோடியே 10 லட்சத்துக்கும் மேல். அதுவரை யாரும் பார்க்காத உச்சம். ஏழு வாரம்கூட ஆகவில்லை, நவம்பர் 21 அன்று அதே பிட்காயின் 81,000 டாலருக்கும் கீழே கிடந்தது. உச்சத்தில் இருந்து 36 சதவிகிதம் காலி.

மாதக் கடைசியில் விலை கொஞ்சம் மீண்டு 90,000 டாலர் பக்கம் வந்ததும், வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் பழைய கேள்வி மறுபடியும் சுற்ற ஆரம்பித்தது. 'பாட்டம் வந்தாச்சா, இன்னும் இருக்கா?'

இதற்குப் பதில் சொல்பவர்கள் பெரும்பாலும் கையில் எடுப்பது ஒரே ஒரு விஷயத்தைத்தான். பழைய விலை வரைபடம். 'ஒவ்வொரு நான்கு ஆண்டுக்கும் இப்படித்தான் நடக்கும், இத்தனை சதவிகிதம் விழும், அப்புறம் ஏறும்' என்று அதில் கோடு போட்டுக் காட்டுகிறார்கள். அந்தக் கோடுகளில் உண்மை இருக்கிறது. ஆனால் அது சொல்லும் விஷயம் வேறு, பலர் அதில் படிக்கும் விஷயம் வேறு.

இதுவரை எவ்வளவு விழுந்திருக்கிறது?

எக்ஸ்சேஞ்சுக்கு எக்ஸ்சேஞ்ச் விலை கொஞ்சம் மாறும் என்பதால், கீழே உள்ளவை எல்லாம் தோராயமான எண்கள்.

2011 ஜூன் மாதம் 32 டாலர் வரை போன பிட்காயின், அதே ஆண்டு நவம்பரில் 2 டாலருக்கு வந்தது. 93 சதவிகித வீழ்ச்சி. அன்று அதை வைத்திருந்தவர்கள் உலகம் முழுக்கவே கொஞ்சம் பேர்தான் என்பதால் பெரிய செய்தியாகவில்லை.

2013 கடைசியில் 1,150 டாலர். 2015 ஜனவரியில் 170 டாலர். 85 சதவிகிதம் விழுந்தது. நடுவில் 2014 பிப்ரவரியில், அப்போது உலகின் பெரிய எக்ஸ்சேஞ்சாக இருந்த ஜப்பானின் 'மவுண்ட் காக்ஸ்' திவாலானது.

2017 டிசம்பரில் 19,700 டாலர். சரியாக ஓர் ஆண்டு கழித்து 3,200 டாலர். 84 சதவிகிதம். நம்மூரில் டீக்கடை வரைக்கும் 'பிட்காயின்' என்ற பெயர் வந்து சேர்ந்த சமயம் இதுதான்.

2021 நவம்பரில் 69,000 டாலர். 2022 நவம்பரில் 15,500 டாலர். 77 சதவிகிதம்.

ஆக, நான்கு பெரிய சரிவுகள். நான்குமே முக்கால் பங்குக்கு மேல். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு எண்: 2008 உலகப் பொருளாதார நெருக்கடியில் நம் சென்செக்ஸ் 21,000 புள்ளிகளுக்கு மேலிருந்து 8,000-க்குக் கீழே போனது. இந்திய முதலீட்டாளர்கள் இன்றும் கெட்ட கனவாக நினைக்கும் அந்த வீழ்ச்சி 60 சதவிகிதத்துக்குக் கொஞ்சம் மேல். பிட்காயினின் வரலாற்றில் இதுவரை வந்த மிக 'லேசான' பெரிய சரிவுகூட அதைவிட ஆழம்.

நான்கு ஆண்டு சுழற்சி எங்கிருந்து வந்தது?

புதிய பிட்காயின்கள் கணினிகள் மூலம் 'மைனிங்' செய்து உருவாக்கப்படுகின்றன. 2,10,000 பிளாக்குகளுக்கு ஒருமுறை, அதாவது சுமார் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, மைனிங் செய்பவர்களுக்குக் கிடைக்கும் புதிய காயின்களின் எண்ணிக்கை பாதியாகும். இதற்குப் பெயர் 'ஹாவிங்'. 2012 நவம்பர், 2016 ஜூலை, 2020 மே, 2024 ஏப்ரல் என நான்கு முறை நடந்திருக்கிறது.

ஹாவிங் முடிந்து ஓர் ஆண்டில் இருந்து ஒன்றரை ஆண்டுக்குள் உச்சம் வருகிறது, உச்சத்துக்குப் பிறகு ஓர் ஆண்டு சரிவு வருகிறது என்பதுதான் சுழற்சிக்காரர்களின் வாதம். இதில் அவர்களுக்கு தெம்பு கொடுப்பது கடைசி உச்சம். 2024 ஏப்ரல் ஹாவிங்குக்கும் 2025 அக்டோபர் உச்சத்துக்கும் இடையே கிட்டத்தட்ட 18 மாதம். 2020 மே ஹாவிங்குக்கும் 2021 நவம்பர் உச்சத்துக்கும் இடையேயும் 18 மாதம். சும்மா சொல்லக்கூடாது, அச்சு அசலாகப் பொருந்துகிறது.

ஆனால் காரணம் ஹாவிங்தானா என்பதில்தான் சிக்கல். மொத்தமுள்ள 2.1 கோடி காயின்களில் 95 சதவிகிதம் ஏற்கெனவே வெளியே வந்துவிட்டது. இப்போது ஒரு நாளைக்குப் புதிதாக வருவது சுமார் 450 காயின்கள். 2024 ஜனவரியில் அமெரிக்கா அனுமதித்த பிட்காயின் இடிஎஃப் ஃபண்டுகளில், பரபரப்பான ஒரே நாளில் சில ஆயிரம் காயின்களுக்கு சமமான பணம் உள்ளே வருகிறது, வெளியே போகிறது. இந்த அளவுக்கு முன்னால் 450 ஒரு பெரிய எண் இல்லை.

இன்னொரு விளக்கமும் இருக்கிறது. 2020-ல் கொரோனா காலத்தில் உலகம் முழுக்க மத்திய வங்கிகள் வட்டியைக் குறைத்துப் பணத்தைப் புழக்கத்தில் விட்டன, பிட்காயின் ஏறியது. 2022-ல் அமெரிக்க மத்திய வங்கி, பூஜ்ஜியத்தை ஒட்டியிருந்த வட்டியை ஒரே ஆண்டில் 4.25 - 4.5 சதவிகிதத்துக்கு ஏற்றியது, பிட்காயின் விழுந்தது. 2018 சரிவும் அமெரிக்காவில் வட்டி ஏறிக்கொண்டிருந்த ஆண்டில்தான் வந்தது. விலையை இழுத்தது ஹாவிங் கடிகாரமா, வட்டிக் கடிகாரமா? நான்கே நான்கு சுழற்சியை வைத்து இரண்டையும் பிரித்துப் பார்க்க யாராலும் முடியாது.

70-க்கும் 84-க்கும் வித்தியாசம் வெறும் 14 இல்லை

பழைய சரிவுகளைப் பார்ப்பவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

2018 பிப்ரவரி. 19,700 டாலரில் இருந்த பிட்காயின் இரண்டே மாதத்தில் 6,000 டாலருக்கு வந்துவிட்டது. 70 சதவிகிதம் அவுட். 'பழைய சரிவு 85 சதவிகிதம். 70 ஏற்கெனவே விழுந்தாச்சு. மிச்சம் 15-தானே, தாங்கிக்கலாம்' என்று ஒருவர் 6,000 டாலரில் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் அவர் முகத்தில் சிரிப்பு. இரண்டே வாரத்தில் விலை 11,700 வரை ஏறியது. கிட்டத்தட்ட இரட்டிப்பு. பிறகு மெல்ல மெல்ல இறங்கி மறுபடியும் 6,000. ஜூன், ஆகஸ்ட், அக்டோபர் என்று மாதங்கள் ஓடின, விலை திரும்பத் திரும்ப 6,000 பக்கம் வந்து நின்றது. 'இதுதான் தரை, இதுக்குக் கீழே போகாது' என்ற நம்பிக்கை ஒன்பது மாதம் பலித்தது. நவம்பர் நடுவில் அந்தத் தரை உடைந்தது. டிசம்பரில் 3,200.

உச்சத்தில் இருந்து கணக்குப் போட்டால் சரிவு 70-ல் இருந்து 84 ஆனது, அவ்வளவுதான். ஆனால் 6,000 டாலரில் வாங்கியவருக்கு? அவருடைய பணத்தில் கிட்டத்தட்ட 47 சதவிகிதம் போய்விட்டது. கையில் இருந்தது ஏறக்குறைய பாதி.

காரணம் எளிமையானது. 70 சதவிகிதம் விழுந்தால் 100 ரூபாய் 30 ரூபாய் ஆகும். 84 சதவிகிதம் விழுந்தால் 16 ரூபாய். உச்சத்தில் வாங்கியவர் அந்த 14 ரூபாயை 100-க்குப் பார்க்கிறார். நடுவில் வாங்கியவர் 30-க்குப் பார்க்க வேண்டும். சரிவு ஆழமாகப் போகப் போக, உச்சத்தில் இருந்து சொல்லப்படும் ஒவ்வொரு கூடுதல் சதவிகிதமும் புதிதாக வாங்குபவருக்குப் பெரிய அடி.

2022-லும் இதே கதைதான். மே - ஜூன் மாதங்களில் விலை 30,000 டாலரில் பல வாரம் உட்கார்ந்திருந்தது. உச்சத்தில் இருந்து பாதிக்கு மேல் விழுந்தாச்சு என்று அப்போது வாங்கியவர், நவம்பரில் 15,500-ஐப் பார்த்தார். அவருக்கும் பாதி போனது.

இதே கணக்கை 1,26,000 டாலர் உச்சத்துக்குப் போட்டால் என்ன வரும்? 2022 போல 77 சதவிகிதம் விழுந்தால் சுமார் 29,000 டாலர். 2018 போல 84 என்றால் 20,000. 'இந்த முறை பெரிய நிறுவனங்கள் உள்ளே இருக்கின்றன, 60-க்கு மேல் விழாது' என்று வைத்துக்கொண்டாலும் 50,000 டாலர் பக்கம். இவை கணிப்புகள் இல்லை. இதற்கு முன் நடந்தது மறுபடியும் நடந்தால் வரும் எண்கள். ஆனால் 90,000 டாலரில் வாங்கும் ஒருவர், 60 சதவிகிதச் சரிவு என்ற மென்மையான கணக்கிலேயே தன் பணத்தில் 44 சதவிகிதத்தை இழக்கும் இடத்தில் நிற்கிறார் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

உடைந்துபோன 'விதிகள்'

வரைபடத்தில் இருந்து உருவான சில விதிகள் நீண்ட காலம் வேதவாக்காக இருந்தன. அதில் முக்கியமானது: 'பிட்காயின் ஒருபோதும் முந்தைய சுழற்சியின் உச்சத்துக்குக் கீழே போகாது'. 2015 சரிவில் 2011-ன் உச்சத்தைத் தொடவில்லை. 2018 சரிவில் 2013-ன் உச்சத்தைத் தொடவில்லை. எனவே 2022-ல் 2017-ன் உச்சமான 19,700 டாலர் தாங்கும் என்று பலர் அடித்துச் சொன்னார்கள். 2022 ஜூனில் விலை 18,000-க்கும் கீழே போனது. நவம்பரில் அதையும் தாண்டிக் கீழே.

அந்த ஜூனில் நடந்தது என்ன? மே மாதம் 'டெர்ரா - லூனா' சரிந்தது. அதைத் தொடர்ந்து கிரிப்டோ கடன் கொடுத்த 'செல்சியஸ்' நிறுவனம் வாடிக்கையாளர்கள் பணம் எடுப்பதை நிறுத்தியது. 'த்ரீ ஆரோஸ் கேபிடல்' என்ற ஃபண்ட் விழுந்தது. நவம்பரில் 'எஃப்டிஎக்ஸ்' எக்ஸ்சேஞ்ச் திவால். கடன் வாங்கி வாங்கிய காயின்கள் கட்டாயமாக விற்கப்படும்போது, வரைபடத்தில் யார் எங்கே கோடு போட்டிருக்கிறார்கள் என்பதைச் சந்தை பார்ப்பதில்லை.

முந்தைய 200 வார விலைகளின் சராசரி என்று இன்னொரு கோடு உண்டு. 2015-லும் 2018-லும் விலை அதன் அருகே வந்து திரும்பியது. 2022-ல் அதுவும் உடைந்து, பல மாதங்கள் விலை அதற்குக் கீழேயே கிடந்தது. மேல் பக்கக் கணிப்புகளுக்கும் இதே கதிதான். 'பிளான் பி' என்ற புனைபெயரில் இயங்கும் ஆய்வாளரின் பிரபலமான மாதிரி, 2021 முடிவதற்குள் 1 லட்சம் டாலர் என்றது. அந்த ஆண்டு 50,000-க்கும் கீழே முடிந்தது.

மறுபக்கத் தவறும் உண்டு. 2021 ஏப்ரலில் 64,000 டாலருக்கு மேல் இருந்த விலை ஜூலையில் 30,000-க்குக் கீழே வந்தது. 'சுழற்சி முடிந்தது' என்று விற்றுவிட்டுப் போனவர்கள், நான்கே மாதத்தில் 69,000-ஐ வேடிக்கை பார்த்தார்கள். பாதி விழுவது முடிவின் தொடக்கமாகவும் இருக்கலாம், வழியில் ஒரு பள்ளமாகவும் இருக்கலாம். நடக்கும்போது இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

'சரிவு குறைந்துகொண்டே வருகிறதே?'

93, 85, 84, 77. எண்களை வரிசையாக வைத்தால் இறங்குமுகம்தான். சந்தை பெரிதாகும்போது ஆட்டம் குறையும் என்பது நியாயமான வாதம், இதைக் கேலி செய்யத் தேவையில்லை. ஓய்வூதிய நிதிகளும் பெரிய நிறுவனங்களும் உள்ளே வந்திருக்கின்றன. அடுத்த சரிவு 60-லோ 65-லோ நின்றாலும் ஆச்சரியமில்லை.

ஆனால் நான்கு புள்ளிகளை இணைத்த கோடு அது. தமிழில் 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்பார்கள். இங்கே சிக்கல், ஆழம் அளக்கும் கயிறே நான்கு முடிச்சுதான் நீளம். 85-ல் இருந்து 84-க்கு வந்ததை 'குறைவு' என்று சொல்வதே கொஞ்சம் தாராளம். பெரிய நிறுவனங்கள் இருப்பதும் இரண்டு பக்கமும் வெட்டும். வாங்கியவர்கள் பெரியவர்கள் என்றால், விற்கும்போதும் பெரிதாக விற்பார்கள்.

'எவ்வளவு விழுந்தாலும் பழைய உச்சத்துக்குத் திரும்பி வந்துவிடும்' என்பதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஜப்பானின் நிக்கெய் குறியீடு 1989 டிசம்பரில் தொட்ட உச்சத்தை மறுபடியும் தாண்டியது 2024 பிப்ரவரியில். 34 ஆண்டுகள். அது ஏதோ ஒரு காயின் இல்லை, உலகின் மிகப்பெரிய பொருளாதாரங்களில் ஒன்றின் பங்குச்சந்தை.

பிட்காயின் அல்லாத மற்ற காயின்களுக்கு இந்தச் சுழற்சிக் கணக்கைப் போடுவது இன்னும் ஆபத்து. இரண்டாவது இடத்தில் இருக்கும் எத்தீரியமே 2018-ல் 1,400 டாலரில் இருந்து 85 டாலருக்கும் கீழே போனது. 94 சதவிகிதம். 2021 நவம்பரில் தொட்ட உச்சத்தைத் தாண்ட அதற்கு 2025 ஆகஸ்ட் வரை ஆனது. லூனாவின் கதை தெரிந்ததே. 2022 ஏப்ரலில் 119 டாலர், மே நடுவில் ஒரு சென்ட்கூடப் பெறவில்லை. இன்று விலைப் பட்டியலில் தெரியும் காயின்கள் எல்லாம் தப்பிப் பிழைத்தவை. பூஜ்ஜியம் ஆனவை பட்டியலில் இல்லை என்பதால் வரைபடமும் கண்ணில் படுவதில்லை.

அப்புறம் எதுக்குத்தான் இந்த வரலாறு?

எங்கே நிற்கும் என்று சொல்ல இது உதவாது. எவ்வளவு பணம் போடலாம் என்று சொல்ல நன்றாகவே உதவும்.

கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். 'எவ்வளவு லாபம் வரும்' என்று தொடங்காமல், 'எவ்வளவு போனால் வீட்டுச் செலவு, இஎம்ஐ, தூக்கம் மூன்றும் கெடாது' என்று தொடங்க வேண்டும். அந்தத் தொகை 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வரலாறு காட்டும் சரிவை 80 சதவிகிதம் என எடுத்துக்கொண்டால், போடக்கூடிய அதிகபட்சப் பணம் 50,000 ரூபாய். மொத்த சேமிப்பு 10 லட்சம் உள்ள ஒருவருக்கு இது 5 சதவிகிதம், மோசமான சுழற்சியில் அவர் சேமிப்பில் 4 சதவிகிதம் போகும். அதே நபர் 4 லட்சத்தைப் போட்டிருந்தால் போவது 3 லட்சத்து 20 ஆயிரம். காயின் ஒன்றுதான், சரிவும் ஒன்றுதான். வித்தியாசம் முழுக்க முதல் நாளில் எடுத்த முடிவில் இருக்கிறது.

மீள்வதற்கான கணக்கும் இதோடு சேர்ந்ததுதான். 50 சதவிகிதம் விழுந்த பணம் பழைய நிலைக்கு வர 100 சதவிகிதம் ஏற வேண்டும். 80 விழுந்தால் 400 சதவிகிதம். அதாவது ஐந்து மடங்கு.

கடன் வாங்கியோ, 'ஃபியூச்சர்ஸ்' மூலமோ ட்ரேடிங் செய்பவர்களுக்கு இந்தச் சுழற்சி வரலாறு கொஞ்சமும் பாதுகாப்பு இல்லை. ஐந்து மடங்கு லெவரேஜ் எடுத்தவரின் கணக்கு 20 சதவிகித இறக்கத்திலேயே துடைக்கப்பட்டுவிடும். விலை தாறுமாறாக ஏறிய 2017-லேயே 30 சதவிகித இறக்கம் பலமுறை வந்தது. 2025 அக்டோபர் 10 அன்று, உச்சம் தொட்டு நான்கே நாளில், சீனப் பொருட்களுக்கு 100 சதவிகிதம் கூடுதல் வரி என்று அமெரிக்க அதிபர் ட்ரம்ப் அறிவித்ததும் ஒரே நாளில் 1,900 கோடி டாலர் அளவுக்கு லெவரேஜ் கணக்குகள் கட்டாயமாக மூடப்பட்டன. அதில் பலருடைய கணிப்பு பின்னால் சரியாகவே இருக்கலாம். அதைப் பார்க்க கணக்கில் பணம் இருக்காது.

வரைபடத்தில் தெரியாத இறக்கங்கள்

இந்திய முதலீட்டாளர்களுக்கு விலை மட்டும் ரிஸ்க் இல்லை. 2024 ஜூலையில் 'வசிர்எக்ஸ்' எக்ஸ்சேஞ்சில் இருந்து 23 கோடி டாலருக்கு மேல், சுமார் 2,000 கோடி ரூபாய், திருடப்பட்டது. அப்போது பிட்காயின் விலை 64,000 டாலர் பக்கம். அதன் பிறகு விலை இரட்டிப்புக்கு அருகே போனது. ஆனால் அங்கே காயின் வைத்திருந்தவர்கள் ஓர் ஆண்டுக்கும் மேலாக எடுக்கவும் முடியாமல், விற்கவும் முடியாமல் செயலியில் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விலை வரைபடத்தில் அது ஏறுமுகமான ஆண்டு.

வரி இன்னொன்று. 2022 ஏப்ரலில் இருந்து கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவிகித வரி, மேலே செஸ் 4 சதவிகிதம். விற்கும்போது 1 சதவிகித டிடிஎஸ். ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொரு காயினின் லாபத்தில் கழிக்க முடியாது, அடுத்த ஆண்டுக்கும் கொண்டுபோக முடியாது. ஒரே ஆண்டில் ஒரு காயினில் 1 லட்சம் லாபம், இன்னொன்றில் 1 லட்சம் நஷ்டம் என்று விற்று முடித்தவரின் கையில் மிச்சம் எதுவும் இல்லை. ஆனாலும் 31,200 ரூபாய் வரி கட்ட வேண்டும். பங்குச்சந்தையில் இந்த நிலை கிடையாது. சரிவில் 'ஒன்றை விற்று இன்னொன்றுக்கு மாறுவோம்' என்று நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய எண் இது.

எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும்?

ஆழத்தைப் பற்றிப் பேசும் அளவுக்கு யாரும் நீளத்தைப் பற்றிப் பேசுவதில்லை. 2013 உச்சத்தில் வாங்கியவர் போட்ட பணத்தை மறுபடியும் பார்த்தது 2017 தொடக்கத்தில். 2017 டிசம்பரில் வாங்கியவருக்கு மூன்று ஆண்டு. 2021 நவம்பரில் வாங்கியவருக்கு இரண்டு ஆண்டு நான்கு மாதம். உச்சத்தில் இருந்து அடிமட்டத்துக்கு வர கடைசி மூன்று முறையும் 12 முதல் 14 மாதம் ஆகியிருக்கிறது.

2025 அக்டோபர்தான் இந்தச் சுழற்சியின் உச்சம் என்று வைத்துக்கொண்டு, பழைய நீளத்தையே அளவாக எடுத்தால், அடிமட்டம் 2026 கடைசியில் வரும். பழைய உச்சத்துக்குத் திரும்புவது 2028-ல். 2027 ஜூனில் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு என்று எடுத்து வைத்த பணம் ஒருவரிடம் இருந்தால், அது இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில் போய் நிற்கிறது.